அண்ணல் அம்பேத்கர் விடுத்த எச்சரிக்கை

1891 ஏப்ரல் 14-ஆம் நாள் மௌ நகரில் பிறந்த அண்ணல் அம்பேத்கர், கொலம்பியாவிலும் இலண்டனிலும் உயர்கல்வி பெற்றதை நம் இளைஞர்கள் நன்கறிவர். 1920-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும் அவர் பெயர் பதிந்திருந்ததைச் சிலரே அறிவர்.

அந்நாளில் ஜெர்மனி ஓர் இளங்குடியரசு. 1919-இல் இயற்றப்பெற்ற அதன் அரசியல் சட்டம் ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை அளித்திருந்தது. எனினும் வேலையின்மை வாட்டியது, கட்சிகள் பூசலிட்டன, மக்களுள் பலர் ஒரு தலைவனையே மீட்பனென நம்பினர். 1933 சனவரி 30-இல் ஹிட்லர் ஆட்சித் தலைமை ஏற்றான். மார்ச் 23-இல் நாடாளுமன்றமே சட்டமியற்றும் அதிகாரத்தை அவனது அமைச்சரவையிடம் ஒப்படைத்தது. ஆதரித்தோர் 444 பேர். எதிர்த்து வாக்களித்தோர் 94 பேரே. சட்டநூல் இருந்தது, குடியாட்சி மாண்டது.

நம் அரசியல் சட்ட வரைவுக் குழுவிற்குத் தலைமை தாங்கிய அண்ணல், 1949 நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில் உரையாற்றினார். எத்துணைப் பெரிய தலைவராயினும் அவரிடம் நம் உரிமைகளை ஒப்படைத்தலாகாது என்றும், சமுதாயச் சமத்துவமின்றி அரசியல் சமத்துவம் மட்டும் நிலைக்காது என்றும் எச்சரித்தார்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாடு 1950-இல் குடியரசாகியும், நம் கல்வராயன் மலைவாழ் மக்கள் 1976 வரை ஜாகிர்தார்களின் ஆதிக்கத்தினின்று விடுபடவில்லை.

1956 டிசம்பர் 6-இல் அண்ணல் மறைந்தார். அவர் சிலைக்கு மாலை சூட்டுவதோடு அமையாது, அவர் நூல்களைக் கற்போம். எத்தலைவரையும் அஞ்சாது வினவப் பழகுவோம்.