தயிரை ஆராய்ந்த அறிஞர் மெச்னிக்கோவ்

நாம் சோற்றில் பிசைந்து உண்ணும் தயிர் எவ்வாறு உண்டாகிறது? கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையை உட்கொண்டு புளிப்பாக மாற்றுகின்றன, பால் தயிராகிறது. நுண்ணுயிர்கள் நம் குடலினுள்ளும் கோடி கோடியாய் வாழ்கின்றன. அவை அங்கே ஆக்கும் பொருள்கள் நம் உடலை என்ன செய்கின்றன என்று ஆராயத் தலைப்பட்ட முன்னோடிகளுள் ஒருவர் இலியா மெச்னிக்கோவ்.

இவர் 1845ஆம் ஆண்டு, இன்றைய உக்ரேன் நாட்டின் கார்கிவ் நகருக்கு அருகேயுள்ள சிற்றூரில் பிறந்தார். சிறுவயதில் தம் கைக்காசைக் கொடுத்துத் தோழர்களை அமரச் செய்து, செடிகொடிகளைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவாராம்! நமக்கும் அத்தகைய தோழர் ஒருவர் வாய்த்திருக்கலாகாதா? பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். 1873இல் இவருடைய முதல் மனைவி காசநோயால் மறைந்தார். அத்துயர் இவரை நெடுநாள் வாட்டியது.

1882இல் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்தபோது, ஒருநாள் வீட்டார் அனைவரும் சர்க்கஸ் காணச் சென்றனர். தனித்திருந்த மெச்னிக்கோவ் கண்ணாடி போன்ற நட்சத்திரமீன் குஞ்சுகளின் உடலில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலை, முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் திரண்டு நிற்கக் கண்டார். உடலினுள் புகும் பகையை விழுங்கி அழிக்கும் அணுக்கள் உண்டென்னும் உண்மை இவ்வாறு புலனாயிற்று. 1888இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வுக்கழகத்தில் பணியேற்றார். 1908இல் பால் எர்லிக் என்பாருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதற்கிடையே முதுமை ஏன் வருகிறது என்னும் வினா இவரைப் பற்றிக்கொண்டது. பெருங்குடலில் உணவு அழுகும்போது நுண்ணுயிர்கள் இண்டோல், பினால் முதலிய பொருள்களை ஆக்குகின்றன. அவை இரத்தத்திற் கலந்து, மெல்லக் கொல்லும் நஞ்சாகி, நாளங்களைக் கெடுக்கின்றன என்று கருதினார். புளிப்பை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அழுகலைத் தடுக்கும் என்றும் நம்பினார். பல்கேரிய நாட்டுச் சிற்றூர் மக்கள் புளித்த பால் அருந்தி நெடுநாள் வாழ்வதாகக் கேள்வியுற்றுத் தாமும் நாள்தோறும் அதனை அருந்தலானார். ஐரோப்பிய மக்கள் பலரும் அவரைப் பின்பற்றினர்.

ஆயினும் அவர் எண்ணியவை யாவும் சரியல்ல. பல்கேரிய நுண்ணுயிர் நம் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை என்று பின்னையோர் கண்டனர். பெருங்குடலே வேண்டாத உறுப்பு என்று அவர் கூறியதும் பிழையாயிற்று. காய்கறிகளின் நாரை அங்குள்ள நுண்ணுயிர்கள் புளிக்கச் செய்து ஆக்கும் பியூட்டிரிக் அமிலமே குடற்சுவரின் அணுக்களுக்கு முதன்மையான உணவு!

இண்டோலைப் பற்றிய ஐயம் மட்டும் முற்றிலும் வீண்போகவில்லை. அதனைக் கல்லீரல் வேறொரு பொருளாக மாற்ற, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. சிறுநீரகம் பழுதுற்றோர் உடலில் அப்பொருள் தேங்கித் தீங்கு விளைவிப்பதை இக்கால மருத்துவர்கள் அறிவர்.

மெச்னிக்கோவ் 1916ஆம் ஆண்டு சூலைத் திங்களில், தம் 71ஆம் வயதில், இதயநோயால் பாரிஸில் காலமானார். அவருடைய அத்தி அடங்கிய கலசம் பாஸ்டர் ஆய்வுக்கழகத்தின் நூலகத்தில் வைக்கப்பட்டது.