ஆரவாரமற்ற நாட்கள்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு ஆரவாரம் மிக்கது. 1624-இல் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தனர். 1782 என்னும் ஓராண்டிலேயே ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரரும் இதனைக் கைப்பற்றினர். 1942 ஏப்ரல் 9-ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இங்கே குண்டு பொழிந்தன. இவற்றைச் சொல்லும்போது மாணாக்கரின் கண்கள் விரியும். இலக்கணம் தொடங்கியதும் அக்கண்கள் சோரும். ஆண்டுதோறும் அதே சூத்திரங்களை ஓதுவித்து வரும் எனக்கு, நிகழ்ச்சியற்ற இந்நாட்களால் விளையும் பயன் யாது என்னும் ஐயம் சிலவேளை எழுவதுண்டு. அப்போதெல்லாம், வடக்கே மானிப்பாயில் வாழ்ந்த ஒரு வைத்தியரை நினைத்துக்கொள்வேன்.

அவர் பெயர் சாமுவேல் கிறீன். 1822-இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிலே பிறந்தார். 1847-இல், தமது இருபத்தைந்தாம் வயதில், அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, நம்மவருக்கு மேனாட்டு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார்.

இதன்பின் அவர் வாழ்வில் கதையாகச் சொல்லத்தக்கது சிறிதே. நோயாளரைப் பார்ப்பார், மாணாக்கருக்குக் கற்பிப்பார், கையெழுத்துப் படிகளைத் திருத்துவார். மறுநாளும் அவ்வாறே. ஆயினும், கற்கும் வைத்தியம் கிராமத்து மக்களுக்குப் பயன்பட வேண்டுமாயின் அது அவர்கள் பேசும் மொழியிலேயே இருத்தல் வேண்டும் என்னும் துணிவு அவருள்ளத்தில் வேரூன்றியது. தாம் தமிழ் கற்றார். 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் போதித்தார்.

அதற்கு நூல்கள் வேண்டுமே! மாணாக்கரைத் துணைக்கொண்டு அவற்றை ஆக்கினார். கலைச்சொல் வேண்டியவிடத்து முதலில் தமிழிலே தேடுவார். கிடைக்காவிடின் வடமொழியை நாடுவார். அங்கும் இல்லையெனின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய எழுதுவார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், மனுஷ சுகரணம், கெமிஸ்தம் என அந்நூல்களின் பெயர்களே அம்முறைக்குச் சான்று. ஒரு சொல்லைத் தேடிக் களைத்தவனே அவ்வுழைப்பின் அருமையை அறிவான். இவ்வாறு 4000 பக்கங்களுக்கு மேற்பட்ட வைத்தியத் தமிழ் உருவாயிற்று. அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். அவருள் 33 பேர் தமிழிலேயே கற்றவர்.

நான் சைவன். அவர் வந்ததோ கிறிஸ்து சமயம் பரப்ப. ஆயினும், சமயம் மாறுவோர் தம் உடையையும் நடையையும் மாற்றி மேனாட்டாராக வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. அவர் சமயத்தை நான் ஏற்றிலேன். அவர் நேர்மைக்குத் தலைவணங்குகிறேன்.

1873-இல் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பினார். அங்கும் ஓய்ந்தாரல்லர். தமிழ் பேசுவார் எவருமில்லாத அவ்வூரில் இருந்துகொண்டே தமிழ் நூற்படிகளைத் திருத்தினார். மனுஷ சுகரணம் வெளிவந்தது 1883-இல். மறுவருடம் மே 28-ஆம் நாள் அவர் மறைந்தார். தமிழருக்கு வைத்திய ஊழியராய் இருந்தவர் என்ற செய்தியைத் தம் கல்லறையிற் பொறிக்க வேண்டுமென்பதே அவர் விருப்பம்.

அவர் முயற்சி நிலைத்ததா? இல்லையென்றே சொல்லவேண்டும். 1870-இல் கொழும்பில் வைத்தியப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கிற்று. உத்தியோகமும் மதிப்பும் அவ்வழியே சென்றன. தமிழ் வைத்திய வகுப்புகள் மறைந்தன. ஆனால், பிற்காலத்திலே தமிழிற் கலைச்சொல் ஆக்கப் புகுந்தோர், இது இயலுமோ என்று மயங்கியபோது, இயன்றது என்பதற்குச் சான்றாக அந்நூல்கள் இருந்தன. விதைத்தவன் காணாத விளைச்சலும் விளைச்சலே.

நாளை காலை வகுப்பில் மீண்டும் புணரியல். துறைமுகத்திற் கப்பல் ஏதும் வந்தால் பிள்ளைகள் சாளரத்தை நோக்குவர். நோக்கட்டும். யான் சூத்திரத்தை மறுபடியும் சொல்வேன்.