கத்திக்கு முன் கதிர்

உடலுக்குள் குண்டு எங்கே தங்கியிருக்கிறது, எலும்பு எவ்வாறு முறிந்திருக்கிறது என்பதை அறியாமலேயே கத்தியை எடுக்க வேண்டிய நிலை ஒரு மருத்துவருக்கு நேர்ந்தால், காயத்தினும் சிகிச்சையே கொடியதாகிவிடும். 1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டபோது, பிரான்சின் போர்முனை மருத்துவமனைகள் பலவற்றில் இத்தகைய நிலையே நிலவியது. அதனை மாற்ற முன்வந்தவர் மேரி கியூரி.

போலந்து நாட்டின் வார்சா நகரில் 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பிறந்த மேரி, உயர்கல்வி நாடி 1891இல் பாரிசுக்கு வந்தார். இயற்பியலுக்காக 1903லும் வேதியியலுக்காக 1911லும் நோபல் பரிசு பெற்றார். இடையே 1906இல் கணவர் பியரி சாலை விபத்தில் உயிரிழந்தார். இரு மகள்களை வளர்த்துக்கொண்டே ஆய்வையும் தொடர்ந்தார் மேரி. போர் வந்ததும் ஆய்வுக்கூடம் வெறிச்சோடியது. உடன் பணியாற்றியோர் படைக்குச் சென்றனர். தம் அறிவு இப்போது யாருக்குப் பயன்பட வேண்டும் என்று அவர் எண்ணினார்.

உடலை ஊடுருவி எலும்பைக் காட்டும் எக்ஸ் கதிரை 1895இலேயே ராண்ட்ஜன் கண்டறிந்திருந்தார். ஆயினும் அதற்குரிய கருவிகள் பெருநகர மருத்துவமனைகளில்தாம் இருந்தன. காயமுற்றோரோ தொலைவில் கிடந்தனர். நோயாளியைக் கருவியிடம் கொண்டுசெல்ல இயலாதெனில், கருவியையே நோயாளியிடம் கொண்டுசெல்வது என மேரி முடிவு செய்தார். மோட்டார் வண்டி ஒன்றில் எக்ஸ் கதிர்க் கருவியும் மின்சாரம் ஆக்கும் டைனமோவும் ஒளிப்படப் பொருள்களும் ஏற்றப்பட்டன. வண்டியின் இயந்திரமே டைனமோவைச் சுழற்றியது. மருத்துவமனை அறையின் சன்னல்களைக் கறுப்புத் திரைகளால் மறைத்து, காயமுற்றவரை மேசையில் கிடத்தி, உள்ளிருப்பதை மருத்துவருக்குக் காட்டினார் மேரி. இதற்காகவே உடற்கூற்றியலைப் பயின்றார். வண்டி ஓட்டவும் கற்றார்.

ஒரு படம் மட்டும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. முன்னிருந்து எடுத்த படம், குண்டு வலப்புறமா இடப்புறமா என்பதைக் காட்டும்; எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதைக் காட்டாது. வேறு திசையிலிருந்தும் பார்த்தால்தான் இடம் துல்லியமாகத் தெரியும். எலும்பு முறிவுக்கும் இது பொருந்தும். கணுக்கால் மூட்டில் கீழ்க்காலின் எலும்புகள் இரண்டும் பாதத்தின் மேலெலும்பைக் கவ்வி நிற்கின்றன. முன்னிருந்து பார்க்கையில் நேராகத் தோன்றும் எலும்பு, பக்கவாட்டில் பார்க்கையில் விலகியிருக்கலாம். அவ்விலகலை அறியாது விட்டால், காயம் ஆறிய பின்னும் நடை தடுமாறும்.

அதிகாரிகள் சிலரின் தயக்கத்தைக் கடந்து, 20 ஊர்திகளையும் ஏறத்தாழ 200 நிலையான எக்ஸ் கதிர்க் கூடங்களையும் மேரி உருவாக்கினார். 17 வயது மகள் ஐரீன் தாயுடன் இப்பணியில் இறங்கினார். ஏறத்தாழ 150 பெண்கள் இதற்கெனப் பயிற்சி பெற்றனர். போர்க்காலத்தில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட காயமுற்றோர் எக்ஸ் கதிரால் ஆராயப்பட்டனர்.

பிறர் உடலின் உள்ளே ஒளி காட்டிய கதிர், அவர் உடலை விட்டுவைக்கவில்லை. கதிர்வீச்சுக்குப் போதிய காப்பு இல்லாத காலம் அது. ரேடியத்தோடும் எக்ஸ் கதிரோடும் பல்லாண்டுகள் பழகிய மேரி, எலும்பு மஜ்ஜை குருதியணுக்களை ஆக்கும் திறன் குன்றும் நோயால் 1934ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் மறைந்தார்.

இன்று கணுக்கால் முறிந்து மருத்துவமனைக்கு வருபவருக்கு முதலில் வெவ்வேறு கோணங்களில் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கின்றனர். முறிவு சிக்கலானதெனில், சி.டி. ஸ்கேன் வழியே மூட்டின் உட்பரப்பையும் ஆராய்கின்றனர். பிறகே எங்கே கீறுவது, எந்தத் துண்டை எதனோடு பொருத்துவது என்று திட்டமிடுகின்றனர். அறிந்த பின்னரே உடலைத் தொட வேண்டும் என்னும் இந்நெறியைப் போர்முனை வரை கொண்டுசென்றவர் மேரி கியூரி. பரிசுகளால் உயர்ந்த அவர்தம் அறிவு, பெயரறியா வீரர்களின் துயர் துடைத்ததால் மேலும் உயர்ந்தது.