மொறப்பாக்கம் கோபாலன்



கிரிக்கெட்னா நம்ம பசங்களுக்கு தோனி, அஸ்வின் பேரெல்லாம் தூக்கத்திலும் வரும். ஆனால் நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே பிறந்து, கிரிக்கெட், ஹாக்கி ரெண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய ஒருவர் இருந்தார். அவர்தான் எம்.ஜே. கோபாலன்.

இவர் 1909-ஆம் ஆண்டு மொறப்பாக்கம் கிராமத்தில் பிறந்தார். இனிஷியலில் வரும் 'எம்' அந்த ஊர்ப் பெயர்தான். குடும்பம் சென்னை திருவல்லிக்கேணிக்குக் குடிபோனது. அங்கே இவர் வேகமாகப் பந்து வீசுவதை ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் பார்த்தார். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தார். அப்போ இந்தக் காலம் மாதிரி ஏலமும் கிடையாது, கோடிப் பணமும் கிடையாது. கையில் ஒரு வேலை இருந்தால்தான் நிம்மதியாக விளையாட முடியும்.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்தை எதிர்த்து டெஸ்ட் ஆடினார். ஒரு விக்கெட் எடுத்தார். அதே வருஷம் நவம்பரில் ரஞ்சிக் கோப்பைப் போட்டி முதன்முதலாகத் தொடங்கியது. சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் ஆட்டம். ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் நம்ம கோபாலன்தான்! அந்த ஆட்டத்தில் சென்னை ஒரே நாளில் ஜெயித்துவிட்டது.

1935-இல் தயான்சந்தோடு ஹாக்கி அணியில் நியூசிலாந்து போனார். அந்தப் பயணத்தில் இந்தியா ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை.

1936-இல்தான் சோதனை வந்தது. ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி. இன்னொரு பக்கம் இங்கிலாந்து கிரிக்கெட் பயணம். ரெண்டும் ஒரே நேரம். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் இங்கிலாந்தில் நடந்த 3 டெஸ்டிலும் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. பெர்லினில் ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்துத் தங்கப்பதக்கம் வாங்கியது. அதற்குப் பிறகும் அவருக்கு டெஸ்ட் வாய்ப்பு வரவே இல்லை.

இதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்தது. ஏன்னா எனக்கும் இந்த மாதம் கோ-கோ போட்டியும் கட்டுரைப் போட்டியும் ஒரே நாளில் வருகிறது. எதுக்குப் போனாலும் இன்னொன்று போச்சு.

ஆனால் கோபாலன் மூலையில் உட்காரவில்லை. திரும்பி வந்து சென்னை அணிக்காக 1950-கள் வரை ஆடினார், கேப்டனாகவும் இருந்தார். சென்னையும் இலங்கையும் மோதிய போட்டிக்கு இவர் பெயரில் கோபாலன் கோப்பை வைத்தார்கள். இந்திய அணித் தேர்வாளராகவும் இருந்தார். 1964-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2003 டிசம்பரில் சென்னையில் காலமானார்.

நான் கோ-கோவுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஜெயிப்போமா தெரியாது. தோற்றாலும் அடுத்த நாள் கிரவுண்டுக்கு வருவேன்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி