காகத்துக்கு நேரம் தெரிவது எப்படி? யார் இந்த பி.எஃப்.ஸ்கின்னர்?

கன்னியாகுமரி சின்னமுட்டம் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரை திரும்பும் நேரம் நெருங்கினால் போதும்; காகம், கொக்கு, பூனை எல்லாம் முன்கூட்டியே ஆஜராகிவிடும். கடிகாரம் இல்லாத இதுங்களுக்கு நேரம் எப்படித் தெரியுது? இப்படிப்பட்ட கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் விடை தேடியவர்தான் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர்.

எழுத்தாளராக ஆசைப்பட்டவர்

1904ல் பென்சில்வேனியா மாநிலத்தின் சஸ்குஹன்னா என்ற சிற்றூரில் பிறந்தார். கல்லூரி முடித்ததும் எழுத்தாளராக முயன்றார்; சரிவரவில்லை. பிறகு ஹார்வர்டில் உளவியல் படித்து 1931ல் முனைவர் பட்டம் பெற்றார். எலி நெம்புகோலை அழுத்தினால் தீனி விழும் 'ஸ்கின்னர் பெட்டி' இவர் உருவாக்கியதுதான்.

தட்டுப்பாட்டில் பிறந்த கண்டுபிடிப்பு

தீனி உருண்டைகளை அவரேதான் செய்ய வேண்டும். ஒரு சனிக்கிழமை கணக்குப் பார்த்தால், இருப்பு திங்கள்கிழமை வரைதான் தாங்கும். சரி, ஒவ்வொரு அழுத்தலுக்கும் எதுக்குத் தரணும்? நிமிடத்துக்கு ஒன்று போதும் என முடிவு செய்தார். எலி அழுத்துவதை விடவில்லை. இப்படி இடைவெளி விட்டுப் பழக்கினால், தீனி கிடைத்ததும் சற்று ஓய்வு. அடுத்த தீனிக்கான நேரம் நெருங்க நெருங்க வேகம். துறைமுகத்துக் காகத்தின் கணக்கும் கிட்டத்தட்ட இதுதான்.

தேர்வுக்கும் இதே கதைதான். அவரது மாணவர் ரிச்சர்ட் ஹெர்ன்ஸ்டைன், புறாக்கள் கொத்த இரண்டு பொத்தான்கள் வைத்துப் பார்த்து 1961ல் முடிவை வெளியிட்டார். ஒன்றில் இரண்டு மடங்கு தீனி வந்தால், புறா அதை ஏறக்குறைய இரண்டு மடங்கு கொத்தியது.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம்

எத்தனை கொத்துக்குத் தீனி வரும் என்றே தெரியாவிட்டால்? புறா ஓயாமல் கொத்தும். தீனியை நிறுத்தினாலும் லேசில் விடாது. சூதாட்டத்தின் பிடியை ஸ்கின்னர் இப்படித்தான் விளக்கினார்.

தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003லேயே தடை வந்துவிட்டது. ஆனால் களியக்காவிளை தாண்டினால் கேரள லாட்டரிக் கடைகள். எப்போதாவது விழும் சின்னப் பரிசுதான் அடுத்த சீட்டையும் வாங்க வைக்கிறது. செல்போன் ரம்மியும் அப்படியே. விட முடியாதவரை மன உறுதி இல்லாதவர் என்று திட்டிப் பயனில்லை; பரிசு வரும் விதமே அவரை இழுத்துப் பிடிக்கிறது.

மனிதனை எலியோடு ஒப்பிடுகிறார் என்ற விமர்சனம் ஸ்கின்னரைக் கடைசிவரை துரத்தியது. 1990 ஆகஸ்ட் 18ல், 86 வயதில் ரத்தப் புற்றுநோயால் காலமானார். எழுத்தாளராக முடியாமல் போன அவர், அதற்கு முந்தின நாள் வரை ஒரு கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தார்.