பிரேம்சந்த் ராய்சந்த்

பொருள் தேடும் துறையிற் புகுவோர் யாவரும் பம்பாய்ப் பங்குத் தரகர் பிரேம்சந்த் ராய்சந்தின் சரித்திரத்தை அறிந்திருத்தல் நலம். நம் தேசத்தில் பங்குச் சந்தை தோன்றிய வரலாறும் அவர் வாழ்க்கையும் பிரிக்கவொண்ணாதவாறு பின்னிக் கிடக்கின்றன.

இவர் 1831-ஆம் ஆண்டில் சூரத் நகரில் ஒரு ஜைன வணிகக் குடும்பத்திற் பிறந்தார். இளமையிலேயே தந்தையாருடன் பம்பாய் சேர்ந்து ஆங்கிலம் கற்றார். அக்காலத்துப் பங்குத் தரகர் மிகச் சிலரே. நகர மண்டபத்தருகே ஆலமரத்து நிழலே அவர்கள் கூடி விலை பேசிய இடம். அவர்களுள் ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்த முதல்வர் இவரே என்பர்.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. தென் மாகாணங்களின் துறைமுகங்கள் அடைபட்டமையால், அங்கிருந்து வரும் பருத்தியை நம்பியிருந்த லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. பம்பாயில் பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. அப்பணம் புதிய பாங்கிகளிலும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளிலும் புகுந்தது. பாக்பே கம்பெனியின் 5,000 ரூபாய்ப் பங்கு 50,000 ரூபாய்க்கு மேலும் விலைபோயிற்று. இம்முயற்சிகளுக்கெல்லாம் நடுநாயகமாக விளங்கியவர் பிரேம்சந்த்.

1865-இல் யுத்தம் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. ஜூலை முதல் தேதி, தவணை வியாபாரங்களுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டிய நாள். கொடுப்பார் இல்லை. பங்குகள் வெறுங் காகிதமாயின. அவற்றை ஈடாகக் கொண்டு அளவின்றிக் கடன் கொடுத்திருந்த பம்பாய் பாங்கி நொடித்து, 1868-இல் மூடப்பட்டது. அவ்வாறு கடன் வழங்கப்பட்டதற்குப் பிரேம்சந்தின் செல்வாக்கும் ஒரு காரணம். குடும்பங்கள் பல சீரழிந்தன; அவரும் தம் பெருஞ்செல்வத்தை இழந்தார். இதனை மறைத்து அவரைப் புகழ்தல் முறையன்று.

ஆயினும் வாழ்வு ஓங்கிய காலத்தில் அவர் கொடுத்தவை அழியவில்லை. பம்பாய்ச் சர்வகலாசாலையின் நூல்நிலையத்திற்கு 2 லக்ஷமும், மணிக்கூண்டிற்கு 2 லக்ஷமும் 1864-இல் அளித்தார். 280 அடி உயரமுள்ள அக்கூண்டு 1878-இல் முற்றுப்பெற்று, அவருடைய அன்னையார் ராஜாபாயின் பெயரைத் தாங்கி இன்றும் நிற்கிறது. கல்கத்தாச் சர்வகலாசாலைக்கு அவர் ஈந்த 2 லக்ஷத்தால் ஏற்பட்ட உபகாரச் சம்பளத்தைப் பெற்றோருள் அசுதோஷ் முகர்ஜியும் ஒருவர்.

வீழ்ச்சியால் தரகர் கற்ற பாடமும் வீண்போகவில்லை. 1874-இல் அவர்கள் கூடத் தொடங்கிய தெருவே தலால் வீதியாயிற்று. 1875-இல் சங்கம் அமைத்தனர். சேர்ந்தோர் 318 பேர். பிரவேசக் கட்டணம் ஒரு ரூபாய். அதனை நிறுவியோருள் பிரேம்சந்தும் ஒருவர். அச்சங்கமே பம்பாய்ப் பங்குச் சந்தையாக வளர்ந்து, 1957-இல் அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்றது. பிரேம்சந்தோ தரகுத் தொழிலை விடாது நடத்தி, 1906-இல் காலமானார்.

அன்பர்களே, பேராசையால் ஏறிய விலை ஒரே நாளில் வீழ்ந்தது. கல்விக்கு ஈந்த பொருளும், கட்டுப்பாட்டுடன் கூடிய சங்கமும் நிலைத்தன. நம் இளைஞர் வர்த்தகத்தில் இறங்குமுன் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பாராக.