சுக்கிரனைத் தமிழில் காட்டிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி

விடிவெள்ளி என்று வீட்டுக் குழந்தைகளுக்குச் சுட்டிக் காட்டுகிறோமே, அந்தச் சுக்கிரன் 1874ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி காலையில் சூரியனின் முகத்தின் குறுக்கே ஒரு கரும்பொட்டாக நகர்ந்து சென்றது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட இதுவே தருணம் என்று மேனாட்டார் கருவிகளோடு கப்பலேறிப் பல திசைகளுக்கும் சென்றனர். நம் நாட்டில், இது என்ன அபசகுனமோ என்று சாமானிய மக்கள் கலங்காதிருக்க அதைத் தாய்மொழியில் முன்கூட்டியே விளக்கி நூல் வெளியிட்டவர் ஒருவர் இருந்தார். அவர்தான் சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி.

பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் தோன்றியவர் அவர். நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு முதல் இயங்கி வந்த அந்த ஆய்வுக்கூடத்தில் கீழ்நிலைப் பணியில் சேர்ந்து, படிப்படியாக முதல் உதவியாளர் பதவிக்கு உயர்ந்தார். தலைவராக இருந்தவர் நார்மன் போக்சன் என்னும் ஆங்கிலேயர். 1861இல் சென்னையிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு 'ஆசியா' என்று பெயரிட்டவர் இவரே.

ரகுநாதாச்சாரியின் அன்றாட வேலை இரவு முழுவதும் கண் விழித்து, ஒவ்வொரு விண்மீனும் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியைக் குறித்து வைப்பது. அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் அதிலிருந்துதான் சரியான மணி பிறந்தது. சென்னை நேரம் தந்தி வழியே போய், பிற்பாடு இந்திய ரயில்வேக்களுக்கே பொது நேரமாயிற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஓடிய ரயில்களும் 1906இல் இந்திய நேரம் வரும் வரையில் அந்த நேரத்தைத்தான் நம்பின. பிளாட்பாரத்தில் கடிகாரம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

1867இல் தெற்கு வானில் ஒளி கூடியும் குறைந்தும் வரும் ஒரு விண்மீனை அவர் கண்டறிந்தார். 1868 ஆகஸ்டு 18ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தை ஆராய வனபர்த்திக்குச் சென்றார். பின்னர் ஹீலியம் என்று பெயர் பெற்ற வாயுவின் தடயம் அறிஞர்களுக்குக் கிட்டியது அந்தக் கிரகணத்தின்போதுதான். 1871 டிசம்பரில் மற்றொரு முழுக் கிரகணம் வந்தபோது போக்சன் குழுவினர் கணவாய்க்குக் கிழக்கே அவிநாசியில் முகாமிட்டனர். மறு ஆண்டு, 1872இல், லண்டன் ராயல் வானியல் சங்கம் ரகுநாதாச்சாரியை உறுப்பினராக ஏற்றது. இந்தியரில் அந்தச் சிறப்பைப் பெற்ற முதல்வர் அவரே.

இவ்வளவு பெருமையும் ஒரு தட்டில் வைத்தால், மறு தட்டில் அந்தச் சுக்கிர நூலை வைக்கலாம். 'சுக்கிரக்ரஸ்த சூரியக் கிரகணம்' என்று அதற்குப் பெயர். இருவர் பேசிக் கொள்வது போன்ற உரையாடலாக அதை அமைத்தார். தமிழில் மட்டுமன்றி வேறு மொழிகளிலும் அது வெளிவந்தது. பாடம் ஒப்பிப்பது போலல்லாமல் கேள்வி கேட்டு விடை பெறும் முறை நம் திண்ணைப் பள்ளிக்குப் பழக்கமானதுதானே! இன்றும் சித்தூரிலோ மூணாறிலோ தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மேசை விளக்கைச் சூரியனாக வைத்து, ஒரு சிறுமியைச் சுக்கிரனாக அதைச் சுற்றி நடக்கவிட்டு, அவளுக்கும் வெளியே இன்னொரு பையனைப் பூமியாக நடக்கச் சொன்னால், சுக்கிரன் ஏன் நள்ளிரவில் தலைக்கு மேல் தெரிவதில்லை என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். விளக்குக்கும் பையனுக்கும் நடுவே சிறுமி வந்து நிற்கும் கணமே அந்த 'கிரகணம்'. ஆனால் சுக்கிரன் சூரியத் தட்டின் குறுக்களவில் முப்பதில் ஒரு பங்கே தெரிவதால் வெயில் குறைவதில்லை, இருள்வதும் இல்லை. பயப்பட என்ன இருக்கிறது?

பஞ்சாங்க விஷயத்தில் அவர் எடுத்த நிலை எளிதானதல்ல. பழைய வாக்கியக் கணக்கு வானத்தில் கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப் போகவில்லை என்று கண்டு, திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். குலத்தொழிலையே திருத்துவது என்றால் எதிர்ப்பு வராமலிருக்குமா? சனிப்பெயர்ச்சித் தேதியில் இரு பஞ்சாங்கங்களும் வேறுபடுவதை இன்றும் பார்க்கிறோம். இத்தனைக்கும் இது புதுச் சரக்கல்ல. பாரதப்புழை கடலோடு கலக்கும் பகுதியில் வாழ்ந்த வடசேரி பரமேசுவரன், பல்லாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் கணக்கைத் திருத்தி 1431இல் எழுதிய நூலுக்கும் 'திருக்கணிதம்' என்றே பெயர்.

நம்மவர் வானியல் கற்க ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும் என்பதும் ரகுநாதாச்சாரியின் ஆசை. அது அவர் காலத்தில் கைகூடவில்லை. 1880 பிப்ரவரி 5ஆம் தேதி காலமானார். சென்னை ஆய்வுக்கூடத்தின் வானியல் பணி 1899இல் கொடைக்கானல் மலைக்கு, இடுக்கித் தமிழருக்கு அண்டை மலைக்கே, மாறிற்று.

சுக்கிரன் மீண்டும் 1882இலும், பிறகு 2004, 2012 ஆண்டுகளிலும் சூரியனைக் கடந்தது. அடுத்தது 2117 டிசம்பரில்.